மிச்சம் யாருடைய பங்கிலிருந்து?

30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன், 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 26,000 ரூபாய். முதல் மாதம் கட்டுகிற பணத்தில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது ஐயாயிரம்கூட இல்லை. இப்படியே கட்டிக்கொண்டு போனால் அசல் பாதியாவதற்கே பதினான்கு வருடம் நெருங்கிவிடும். மாதம் தவறாமல் தவணை கட்டுகிற பலர் இந்த அட்டவணையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்த்தால் தூக்கம் போய்விடும்.

அதே கடனுக்கு ஆரம்பத்திலிருந்து மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால், பதினான்கு வருடம் முடிவதற்குள் கடனே தீர்ந்துவிடும். வட்டியில் 11 லட்சத்துக்கு மேல் மிச்சம். மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கியவர் முன்கூட்டியே அடைத்தால் வங்கி அதற்கு அபராதம் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. கூடுதல் பணம் கட்டப் போகும்போது தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்பார்கள். காலத்தை என்று சொல்ல வேண்டும். வட்டி அதிகம் மிச்சமாவது அதில்தான். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏறியபோது, தவணை அப்படியே இருக்க, பலருக்கும் கடன் காலம் வருடக்கணக்கில் நீண்டுபோனது. எங்களுக்கும் நீண்டது. மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிவிடுவது என்று அப்போதுதான் முடிவெடுத்தோம்.

அந்தக் கூடுதல் பணம் எங்கிருந்து வரும்? மாதச் சம்பளக் குடும்பங்களில் யாரும் வாய்விட்டுப் பேசாமலேயே இதற்கு விடை கிடைத்துவிடுகிறது. வீட்டுப் பெண் பல்வலியைத் தள்ளிப்போடுவாள். கண்ணாடியின் பவர் மாறியிருந்தாலும் பழையதையே போட்டுக்கொள்வாள். அம்மா வீட்டுக்குப் போவதை ஆடிக்கும் தீபாவளிக்குமாகச் சுருக்கிக்கொள்வாள். அரிசிப் பானைக்குள் வைத்திருந்த சிறுவாட்டையும் எடுத்துக் கொடுப்பாள். வருடக் கடைசியில், அசலில் இவ்வளவு கட்டிவிட்டோம் என்று கணவர் பெருமையாகச் சொல்வார். அது யார் உடம்பிலிருந்து வந்த பணம் என்று பாஸ்புக் சொல்லாது.

இன்னொரு வழியும் உண்டு. வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளம் ஏற்றாமல் இழுப்பது, தலைச்சுமையாகக் கீரை கொண்டுவரும் அம்மாவிடம் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைப்பது, சொந்தத்தில் ஒரு கல்யாணமென்றால் மொய்க்குப் பயந்து போகாமல் இருந்துவிடுவது. இவற்றையெல்லாம் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டின் கடனை அடுத்தவர் தலையில் கட்டுகிற வேலை இது.

அதனால் கணக்கு நோட்டை நடுவில் வைத்து, மாமியார், மகள் உட்பட எல்லோரும் உட்கார்ந்தோம். யாருக்கும் எதுவும் குறையாமலேயே எடுக்கக்கூடிய பணம் நிறைய இருந்தது. கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ளதற்கும் சேர்த்து விலை கூடும். ராத்திரி ஒரே அறையில் மட்டும் ஏசி, அதுவும் 26ல் வைத்து ஃபேனோடு என்று ஆனதும் நாங்கள் 500க்குள் வந்துவிட்டோம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அட்டைக்கு உரியதை வாங்காமல் விடுவதில் கௌரவம் ஒன்றுமில்லை. பருப்பு வேகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அரைமணி நேரம் ஊறப்போட்டு, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு வைத்தால் குழைந்துவிடும்.

சனிக்கிழமை ராத்திரி ஆர்டர் போடும் பிரியாணி, பேக்கிங், டெலிவரி எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு ஆயிரத்தைத் தாண்டிவிடும். அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வீட்டிலேயே செய்யலாம் என்று பேச்சு வந்தபோது நான் ஒரு நிபந்தனை வைத்தேன். வெங்காயம் உரிப்பதிலிருந்து குக்கர் கழுவிக் கவிழ்ப்பது வரை என் ஒருத்தி தலையில் விழக் கூடாது. வெளியில் மிச்சமாகிற காசில் பெரும்பங்கு அடுப்படியில் யாரோ கூடுதலாக நிற்பதால் மிச்சமாவது. அந்த வேலையைப் பங்கு போடாத வீட்டில், கடனை அடைப்பது அவள் ஒருத்திதான். இப்போது வெங்காயம் மகள், பாத்திரம் அவர்.

மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் இதைவிட அதிகம் வருமே என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். வரலாம், வராமலும் போகலாம். அசலில் கட்டிய ரூபாய்க்கு வட்டி மிச்சம் என்பது உறுதி. ஆனால் சாதாரண வீட்டுக்கடனில் கட்டிய பணத்தை ஓர் அவசரத்துக்குத் திருப்பி எடுக்க முடியாது. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே வைத்துவிட்டு, அதற்கு மேல் உள்ளதைத்தான் கட்டுகிறோம்.

இந்த வருடம் வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளம் ஏற்றினோம். என் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனாலும் கேப்பும் போட்டாயிற்று. அந்தச் செலவு வந்த மாதங்களில் அசலுக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் போகவில்லை. அடுத்து மாமியாருக்குக் கண்புரை எடுக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் வங்கிக்கு.