நாற்றுக் காவலும் கொல்லாமையும்

கத்தரி நாற்று 30 முதல் 35 நாளளவும் நாற்றுமேடையில் வளர்ந்து, பின்னர்ப் பிடுங்கப்பெற்று வேற்றிடத்தில் நடப்பெறுகின்றது. வேர் அறுந்து இடம் பெயர்ந்த அஃது, புதுமண்ணைப் பற்றிக்கொள்ளும் வரையில் தன்னைத்தான் காக்கவல்லதன்று. ஆதலின், மாலைப்பொழுதில் நடுதலும், நட்டவுடன் நீர்விடுதலும், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் பாய்ச்சுதலும், ஓலையால் நிழல் செய்தலும் தோட்டமுடையான் கடமையாயின. திருவள்ளுவரும் உழவதிகாரத்தில் நீர்ப்பாய்ச்சலினுங் காவலையே உயர்த்திக் கூறினார்.

ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. கொல்லாமை என்னும் அதிகாரஞ் செய்தவரும் அவரேயன்றோ? நாற்றைக் காப்பவன் வெட்டுப்புழுவை என் செய்வது? அப்புழு பகலில் மண்ணுட் சுருண்டு கிடந்து, இரவில் வெளிப்பட்டு, இளந்தண்டை மண்மட்டத்தில் அறுத்து வீழ்த்தும். ஓரிரவில் ஒரு புழு பல நாற்றுக்களை அறுத்தலும் உண்டு. புல்லும் மரமும் ஓரறிவின என்பது தொல்காப்பிய மரபியல். புழுவோ அவற்றினும் மிக்க அறிவுடையது. எனவே குறைந்த அறிவுயிரின்பொருட்டு மிக்க அறிவுயிரைக் கொல்லுதல் எங்ஙனம் பொருந்தும் என்பது வினா.

சிலர், பயிர் பலர் பசி தீர்ப்பது, புழு எவர்க்கும் பயன்படாதது, ஆதலிற் கொல்லுதல் குற்றமன்று என்பர். இஃது உயிரைப் பயனால் அளக்கும் வாதம். இவ்வளவுகோல் கொண்டு அளப்பின், முதுமையால் உழைக்கமாட்டாத மாந்தரும் காவற்குரியரல்லராய் முடிவர். வேறு சிலர், புழு தின்னுமளவு தின்க என்று வாளாவிருப்பர். அதற்கு அருள் என்று பெயரிடுதல் மடியை மறைத்தலேயாம். நாற்றைப் பிடுங்கிக் கொணர்ந்து நட்டவன் அதனைக் கைவிடுதல், அடைக்கலம் புகுந்தாரைக் கைவிடுதலை ஒக்கும்.

அற்றேற் செயற்பாலது யாதெனின், கொலை வேண்டப்படும் நிலை எங்ஙனம் வந்தது என்று முதற்கண் ஆராய்தல். இப்புழுவை ஈனும் அந்துப்பூச்சி களைகளின்மீது முட்டையிடும். நடுதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே களையகற்றியவன் நிலத்தில் அது மிகுதியாய் உண்டாவதில்லை. நட்ட பின்னரும், பனையோலை நறுக்கை வளையமாக்கி, ஓரங்குலம் மண்ணுட் புதையவும் இரண்டங்குலம் மேல் நிற்கவும் தண்டைச் சூழ வைப்பின், புழு தண்டை அணுகுதல் அரிது. இவற்றைச் செய்யாது சோம்பியிருந்து, நாற்று வீழ்ந்தபின் சினங்கொண்டு புழுவை நசுக்குவான் குற்றம், களை முளைத்த அன்றே தொடங்கிற்று.

மண்ணைக் கிளறிப் புழுவைக் காக்கைக்கு வெளிப்படுத்துவாரும் உளர். தம் கை கொல்லவில்லை என்பது அவர்க்கு ஆறுதல். அவ்வாறுதல் பெரிதும் ஐயத்திற்குரியது. கொன்றானுக்கேயன்றிக் கொல்வித்தானுக்கும் அக்குற்றத்திற் பங்குண்டன்றோ?

இத்தனையும் செய்த பின்னரும், ஒரு புழு வளையத்தினுள்ளேயே அகப்பட்டிருத்தல் கூடும். அதனை இரவில் விளக்கொளியிற் கையாலெடுத்துத் தொலைவிலுள்ள தரிசில் விடலாம். அயலான் தோட்டத்தருகே விடுதல் ஆகாது. தரிசில் அது பிழைக்குமோ, பறவைக்கு இரையாகுமோ, அது தோட்டமுடையான் ஆணைக்கு உட்பட்டதன்று. விடிந்தபின் அவனுக்கு உள்ள வேலை, நாற்றுமேடையில் எஞ்சிய நாற்றுக்களுள் வலியதொன்றைத் தெரிந்து வைத்து, மாலையில் அப்பாழிடத்தில் நடுவதாம்.