மன்னிப்பு கிடைத்ததா, பாஸ்டர்?



இந்த மாதம் சாட்சி எழுதவில்லை. என் தவறு ஒன்றை எழுதுகிறேன். அந்தச் சகோதரியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

நன்றாக ஜெபிக்கிற சகோதரி. ஒரு நாள் ஆராதனையில் கைகளை உயர்த்தி நிற்கும்போது பரிசுத்த ஆவியானவரைக் குறித்து ஒரு கெட்ட வார்த்தை மனதில் வந்துவிட்டது. அவ்வளவுதான். மத்தேயு 12-ம் அதிகாரத்தில் உள்ள மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. என்னிடம் வந்து அழுதார். தலையில் கைவைத்து ஜெபித்து, "மன்னிப்பு உண்டும்மா, சமாதானமா போங்க" என்றேன். முகம் தெளிந்தது. ரெண்டே நாள்! மறுபடியும் வந்தார். "அன்னைக்கு நான் எல்லாத்தையும் சரியா சொன்னேனா பாஸ்டர்? மன்னிப்பு கிடைச்சிருக்குமா?" திரும்பவும் ஜெபம், திரும்பவும் ஆறுதல். பிறகு ராத்திரி பதினொரு மணிக்கும் போன் வரும். வீட்டில் ஒரே ஜெபத்தை 30, 40 தடவை சொல்வாராம். நடுவில் கெட்ட எண்ணம் வந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அடுப்பில் சோறு அடிபிடிக்கும், பிள்ளைகள் சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போகும்.

நான் என்ன செய்தேன்? பிசாசின் போராட்டம் என்று சொல்லி மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தேன். "அப்போ எனக்குள்ள பிசாசு இருக்கா?" என்று அவருக்குப் பயம் இரண்டு மடங்கானது.

கடைசியில் அவருடைய கணவர் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். நானும் போனேன், கொஞ்சம் மனத்தாங்கலோடுதான். டாக்டர் விசுவாசி அல்ல. அவர் சொன்னார்: "ஐயா, உங்க ஜெபத்தை நான் குறை சொல்லலை. ஆனா அவங்க கேட்கிறப்போ எல்லாம் நீங்க ஆறுதல் சொல்றது சிரங்கைச் சொறிஞ்சு விடுற மாதிரி. அப்போதைக்குச் சுகம், அப்புறம் புண் பெரிசாகும்."

இதற்கு ஓ.சி.டி. என்று பேர். இஸ்லாமியர் ஒருவர் தொழுகைக்குமுன் ஒளு செய்துவிட்டு, சரியாகக் கழுவவில்லையோ என்று மணிக்கணக்காகக் கழுவுவார். அவர்கள் வஸ்வாஸ் என்பார்கள். இந்துக் குடும்பத்து அம்மா ஒருவர் தீட்டு பட்டதோ என்று நாளைக்குப் பத்துத்தரம் தலைமுழுகுவார். நம்மவர்களுக்கு மன்னிக்கப்படாத பாவம். வியாதி ஒன்றுதான், உடுப்புதான் வேறே. எந்த மார்க்கத்தை அதிகம் நேசிக்கிறோமோ அதிலேயே வந்து பிடிக்கும். மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பனியனுக்கும் கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் ஓயாமல் வந்தது. 1666-ல் தன் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். அவரைப் பிசாசு பிடித்தவர் என்போமா?

சிகிச்சை இரண்டு விதம். ஒன்று மாத்திரை. பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகும், பத்து நாளில் "கேட்கலை" என்று விட்டுவிடக்கூடாது. இன்னொன்று பயிற்சி. எண்ணம் வரட்டும், ஆனால் ஜெபத்தைத் திரும்பச் சொல்லாமலும் யாரிடமும் கேட்காமலும் அந்தப் பயத்தோடு உட்கார்ந்திருக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் தானே இறங்கும். லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966-ல் இந்த முறையைப் பற்றி எழுதினார். அவர் குறிப்பிட்ட இரண்டு நோயாளிகளில் ஒருவருக்கு இருந்ததும் தேவதூஷண எண்ணங்களே! டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "உங்க சபையில சாதாரணமா ஒருத்தர் எத்தனை தடவை பாவமன்னிப்பு கேட்பாங்க?" ஒருதரம் மனதாரக் கேட்டால் போதும் என்றேன். "அதுவே இவங்களுக்கும் அளவு" என்றார். விசுவாசத்துக்கு விரோதமாக ஒன்றும் செய்யச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்குமுன் ஒரு வாலிபத் தம்பி நாலு நாள் தூங்காமல், கர்த்தர் தேசங்களைத் தனக்குக் கொடுத்துவிட்டார் என்று பேசி, சம்பளத்தையெல்லாம் வாரி வழங்கினான். அபிஷேகம் என்று நாங்கள் கைதட்டினோம். ரெண்டு மாதத்தில் கட்டிலைவிட்டு எழும்பாமல், சாகவேண்டும் என்றான். அப்போது விசுவாசக் குறைவு என்றோம். ரெண்டும் ஒரே வியாதி, பைபோலார். லித்தியம் போன்ற மருந்துகளை ரத்தம் சோதித்து அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள். தூக்கமே வேண்டாதபடி ஒருவன் உற்சாகமாயிருந்தால் இனி முதலில் ஆஸ்பத்திரி.

எலியா சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று படுத்தபோது (1 இராஜாக்கள் 19) தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான்.

யாருக்காவது இப்படியிருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம், 2022-ல் தொடங்கியது. யார் மாத்திரையையும் நிறுத்தச் சொல்லி இந்தப் பிரசங்க மேடையிலிருந்து இனி ஒரு வார்த்தையும் வராது.

அந்தச் சகோதரி மாத்திரை சாப்பிடுகிறார், ஆராதனைக்கும் வருகிறார். எண்ணம் முழுவதும் போய்விடவில்லை. போன ஞாயிறு வாசலில் நிறுத்தி, "பாஸ்டர், ஒரே ஒரு தடவை சொல்லிடுங்களேன்" என்றார். "அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றதில்லைம்மா, டாக்டர் உத்தரவு" என்றேன். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.