கழற்றும் காலும் கழற்றச் சொல்லும் வாயும்

டொராண்டோ நகரின் புளூர் தெருவில், செருப்புப் பெட்டியின் மூடியைச் சற்று நகர்த்தி வைத்தாற்போன்ற கூரையுடன் ஒரு கட்டடம் நிற்கிறது. பாட்டா நிறுவனத்தைத் தொடங்கிய தோமாஷ் பாட்டாவின் மருமகள் சோன்யா பாட்டா 1940களிலிருந்து சேர்த்து வந்த காலணிகளுக்காக, ரேமண்ட் மோரியாமா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த அருங்காட்சியகம் அது. 1995 மே மாதம் திறக்கப்பட்டது. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டு வரலாற்றைச் சொல்லும் 13,000க்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே இருக்கின்றன. கால் கட்டப்பட்ட சீனப் பெண்கள் அணிந்த கையளவுச் செருப்புகளும், ஹைதராபாத் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் மணி பதித்த காலணிகளும், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே குமிழ் வைத்த இந்தியப் பாதுகைகளும் அந்தத் தொகுப்பில் அடக்கம். தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் நகரம் டொராண்டோ. அங்குள்ள தமிழர் ஒருவர் காலையில் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய்க் கும்பிடலாம். மாலையில் இந்த அருங்காட்சியகத்துக்குள் செருப்புக் காலோடு நுழைந்து, இன்னொருவர் தலைமேல் வைத்து வணங்கிய பாதுகையைப் பார்க்கலாம். வாசலைத் தாண்ட அனுமதியில்லாத பொருளே கருவறையில் வணக்கத்துக்குரியதாகவும் இருப்பது எப்படி? புனிதமான இடத்தில் செருப்பைக் கழற்றும்போது உண்மையில் எதைக் கழற்றுகிறோம்?

இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. செருப்பு அசுத்தம், அசுத்தம் தெய்வத்தின் முன் ஆகாது என்பது ஒன்று. செருப்பு நம்மைத் தரையிலிருந்து விலக்கிக் காக்கும் கவசம், அந்தக் காப்பைத் தானே முன்வந்து விடுவதுதான் வணக்கம் என்பது மற்றொன்று. நடைமுறையில் இரண்டும் ஒரே செயலில் முடிவதால் வேறுபாட்டை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் முதல் விடையை ஏற்றால் குற்றம் பொருளைச் சேர்கிறது; அங்கிருந்து அதைத் தொட்டவர், தைத்தவர், தைத்தவரின் பிள்ளை என்று படர்கிறது. இரண்டாவதை ஏற்றால் பொருளுக்குக் குற்றமே இல்லை. கழற்றுகிறவரின் மனம் மட்டுமே கணக்கில் வரும். சமய மரபுகளை அவற்றின் சொந்தச் சான்றுகளைக் கொண்டு சோதித்தால் இரண்டாவது விடைதான் நிற்கிறது என்பது என் வாதம்.

எரியும் முட்செடியின் முன் மோசேயிடம் மிதியடியைக் கழற்றச் சொன்ன குரலை யாத்திராகமத்தின் மூன்றாம் அதிகாரம் பதிவு செய்கிறது. அதே நிகழ்ச்சி குர்ஆனின் தாஹா அத்தியாயத்தில் துவா பள்ளத்தாக்கில் நடப்பதாக வருகிறது. ஏன் கழற்றச் சொல்லப்பட்டது என்று பழைய இஸ்லாமிய உரையாசிரியர்களே விவாதித்தார்கள். அந்த மிதியடி செத்த கழுதையின் தோலால் ஆனது, அதனால் ஆகாது என்றனர் சிலர். அருள்பெற்ற மண் அவருடைய வெறுங்காலில் படவேண்டும் என்பதற்காக என்றனர் வேறு சிலர். நாம் கேட்கும் கேள்வி அவர்களுக்கும் எழுந்திருக்கிறது. நபிகள் நாயகம் காலணியோடு தொழுததுண்டு என்று புகாரியின் ஹதீஸ் தொகுப்பு சொல்கிறது. காலணி இயல்பிலேயே அசுத்தம் என்றால் இது பொருந்தாது. ஐரோப்பியத் தேவாலயத்தில் ஆண்கள் தொப்பியை எடுத்துவிட்டுச் செருப்போடு நுழைகிறார்கள். தமிழ்நாட்டுத் தேவாலயங்கள் பலவற்றில் அதே சமயத்தார் செருப்பை வெளியே விடுகிறார்கள். ஊருக்கு ஊர் கழற்றும் பொருள் மாறுகிறது, கழற்றுவது மட்டும் மாறாமல் இருக்கிறது. அப்படியானால் பொருள் இங்கே ஓர் அடையாளம் மட்டுமே.

நம் மரபில் சான்று இன்னும் வலுவானது. இராமனிடமிருந்து பாதுகைகளைத் தலைமேல் ஏந்திப் பெற்ற பரதன், அவற்றை அரியணையில் வைத்து நந்திகிராமத்திலிருந்து பதினான்கு ஆண்டு ஆண்டான். திருவரங்கனின் திருவடிநிலைகளை மட்டுமே பாடுபொருளாகக் கொண்டு வேதாந்த தேசிகர் 1,008 சுலோகங்கள் கொண்ட பாதுகா சகஸ்ரத்தை இயற்றினார். இவற்றையெல்லாம்விடப் பெரிய சான்று, பெருமாள் கோயிலுக்குப் போன ஒவ்வொருவர் தலையிலும் ஒரு நொடி அமர்ந்து எழுகிற சடாரி. பெருமாளின் திருவடிகள் பொறித்த அந்த மகுடத்தை நம்மாழ்வாராகவே கருதுவது வைணவ மரபு; சடகோபன் என்ற அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. வேளாளர் குடியில் பிறந்த, அன்றைய வருணக் கணக்கில் நான்காம் படியில் வைக்கப்பட்ட ஓர் அடியாரே இறைவனின் திருவடிநிலை ஆகிறார். அதற்கு நான்கு வேதம் கற்றவரும் தலை குனிகிறார். மிகக் கீழான இடத்தை விரும்பி ஏற்றவரை எல்லாத் தலைகளுக்கும் மேலே தூக்கி வைப்பதுதான் அந்தச் சடங்கின் இறையியல். செருப்பு தீட்டு என்ற எண்ணத்தோடு சடாரிக்குக் குனிகிறவர் சடாரியின் பொருளையே மறுக்கிறார்.

தானே விடுவதற்கும் விடச் செய்வதற்கும் உள்ள தூரத்தைப் பௌத்தம் துல்லியமாகக் கண்டது. வினயபிடகத்தின் மகாவக்கத்தில் தோல் பற்றி ஒரு தனி இயலே உண்டு. செல்வத்தில் பிறந்து துறவியான சோண கோளிவிசர், நடந்தபடியே தியானம் செய்து கால் வெடித்து இரத்தம் வடிய நின்றபோது, ஒற்றை அடித்தோல் வைத்த செருப்பை அணிய புத்தர் அவருக்கு அனுமதி தந்தார். சங்கத்தார் எல்லாருக்கும் கொடுத்தால் அணிவேன், எனக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்று சோணர் மறுத்தார். புத்தர் எல்லாருக்கும் அனுமதித்தார். செருப்பு தூய்மையானதா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை என்ற நிலை தகுமா என்பதே கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்க மறுத்தபோது என்ன நடந்தது என்பதற்கு வரலாறு சாட்சி சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் ஆங்கில அதிகாரிகள், நாட்டுச் செருப்போடு வரும் இந்தியர் அதை வாசலில் கழற்ற வேண்டும் என்றும், ஐரோப்பிய பாணி பூட்ஸ் என்றால் அப்படியே நுழையலாம் என்றும் விதித்தார்கள். அதே ஆங்கிலேயர்கள் பர்மிய அரசவையில் செருப்பைக் கழற்ற மறுத்தார்கள். பிறகு பௌத்த விகாரைகளிலும் மறுத்து, 1919இல் மந்தலேயில் கைகலப்பு வரை போனது. இதற்கு அந்நியரைத் தேடிப்போக வேண்டாம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்ததை மானிடவியலாளர் ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பது எட்டாவது தடை. தெருவில் தெய்வம் எதுவும் இல்லை. நடந்து போகும் இன்னொரு மனிதனின் செருக்கு மட்டுமே இருந்தது. செருப்பு மாலை போடுவதை வன்கொடுமைக் குற்றங்களின் பட்டியலில் 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சேர்க்க வேண்டியிருந்தது என்றால், இது பழங்கதை ஆகிவிடவில்லை என்றுதான் பொருள்.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு தோலை முன்வைத்து வரும். பாதுகை மரத்தாலோ வெள்ளியாலோ தந்தத்தாலோ ஆனது, செருப்பு உயிர்க்கொலையின் எச்சம், இரண்டையும் ஒன்றாக்கலாமா? அகிம்சை உண்மையான அறம், அதன்பொருட்டு ஒருவர் தோலை விலக்கினால் அதை மதிக்க வேண்டும். ஆனால் தந்தமும் உயிர் நீத்த யானையிடமிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் கட்டிய மிருதங்கம் சன்னிதியில் ஒலிக்கிறது. மான்தோல் பூணூல் சடங்கில் இடம்பெறுகிறது. செருப்புக் காலை இலிங்கத்தின் கண்ணருகே ஊன்றிய கண்ணப்பரைப் பெரியபுராணம் தலைமேல் கொண்டாடுகிறது. கல்யாண நகரில் செருப்புத் தைப்பவரான ஹரளய்யா தன் தொடைத்தோலையும் மனைவியின் தொடைத்தோலையும் உரித்துச் செருப்புத் தைத்துக் கொடுத்ததாகவும், சமயத் தலைவர் பசவண்ணர் அதைக் காலில் போடாமல் தலையில் வைத்துக்கொண்டதாகவும் வீரசைவ மரபு சொல்கிறது. தோல் எங்கே ஆகும், எங்கே ஆகாது என்பதை அகிம்சை தீர்மானிக்கவில்லை. தொடுகிறவர் யார் என்பதே தீர்மானித்திருக்கிறது.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. கோயிலும் மசூதியும் செருப்பைக் கழற்றச் சொல்லி விதிதான் போடுகின்றன. எல்லா விதியும் கட்டாயம் என்றால், தானே விடுவது என்ற பேச்சுக்கு இடம் எங்கே? விதி இருப்பதால் மட்டும் செயல் கட்டாயம் ஆகிவிடாது. அரசனும் ஆண்டியும் ஒரே வாசலில் ஒரே மாதிரி கழற்றும் விதி, உள்ளே வர விரும்பிய எல்லாருக்கும் பொதுவான ஒப்பந்தம். அதனால் யாரும் யாருக்கும் கீழே போவதில்லை. ஒருவர் போட்டுக்கொண்டு நடக்க, அவர் பொருட்டு மற்றவர் கழற்ற வேண்டிய விதி அடக்குமுறை. இந்த ஒரு சோதனை போதும். மந்தலே விகாரையின் விதி இதில் தேறுகிறது. ஆங்கில அதிகாரிகளின் பூட்ஸ் விதியும் இராமநாதபுரத்தின் எட்டாவது தடையும் தோற்கின்றன.

பூசைக்குரிய பாதுகையைப் பாட்டுக்காரர் ஒருவரின் உயரக் குதிகால் பூட்ஸ் இருக்கும் டொராண்டோ அருங்காட்சியகத்திலேயே வைப்பது புனிதத்தைக் குலைக்கிறது என்பாரும் உண்டு. கண்ணாடிப் பேழைக்குள் போன பாதுகை வழிபாட்டை இழக்கிறது என்பது உண்மை. பதிலுக்கு அங்கே ஒன்று தெரிய வருகிறது: எல்லாமே ஏதோ ஒரு காலுக்காக ஏதோ ஒரு கை செய்தவை. தலைமுறைகளாகச் செருப்புத் தைத்த ஒரு குடும்பம் 1894இல் செக் நாட்டு ஸ்லீன் ஊரில் தொழில் தொடங்கி, தன் பெயரையே அருங்காட்சியகத்தின் முகப்பில் எழுதிக்கொள்ள முடிந்தது. கோயில் தேரையும் அரசனின் செருப்பையும் செய்த நம் கைவினைஞர்களில் எத்தனை பேரின் பெயர் கல்லில் இருக்கிறது? அந்தப் பாதுகைகளைச் செதுக்கியவர்களின் பெயரை நாம் காக்கவில்லை. புனிதத்தைக் குலைத்தது கண்ணாடிப் பேழை என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

செருப்பை வாசலில் விடும் வழக்கம் நல்ல வழக்கம், அது தொடரட்டும். ஆனால் அதை விடும்போது பொருளையும் அதைத் தைத்தவரையும் இழிவாக எண்ணினால், செருப்பு மட்டும் வெளியே நிற்கும், செருக்கு உள்ளே வந்துவிடும். சன்னிதியில் சடாரிக்குத் தலை குனிகிறவர், தெருவில் இன்னொருவர் செருப்போடு நடப்பதைப் பொறுக்க மாட்டாரென்றால் அவர் இன்னும் கும்பிடத் தொடங்கவில்லை.