ஓரத்தில் ஒரு பெயர்

தன் ஓவியத்தில் தன் பெயரை எழுதுவது அகந்தையா? ஸ்பெயினின் அல்பராசின் என்னும் மலைச் சிற்றூரில் ஒரு வாரம் ஓவியம் கற்பித்தபோது எழுந்த கேள்வி இது. செம்மண் நிறச் சுவர்களை நேர்த்தியாகத் தீட்டிய பெண்கள் பலர் கையொப்பமிடத் தயங்கினார்கள். "சும்மா பொழுதுபோக்குக்கு வரைந்தது" என்றார்கள். ஆண்கள் முதல் நாளே கையெழுத்திட்டிருந்தார்கள்.

சோஃபோனிஸ்பா அங்குயிசோலா 1559இல் ஸ்பானிய அரசவைக்கு அழைக்கப்பட்டார். பதவி, அரசியின் தோழி. அவர் தீட்டிய இரண்டாம் பிலிப்பின் உருவப்படம் இன்று மாட்ரிட்டின் பிராடோவில் இருக்கிறது. நெடுங்காலம் அது ஆண் ஓவியர்களின் கணக்கிலேயே இருந்தது. பெயரில்லாத இடம் காலியாகக் கிடப்பதில்லை. வேறொருவர் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடக்கம் நற்பண்புதான். ஆனால் ஒரு பாலினத்துக்கு மட்டும் பழக்கப்படுத்தப்படும் அடக்கத்தை அறம் என்று எப்படிச் சொல்வது? கையொப்பமிடுகிறவள் புகழை மட்டுமா கேட்கிறாள்? பிழைக்கும் சேர்த்தே பொறுப்பேற்கிறாள். "இப்படித்தான் நான் பார்த்தேன்" என்று சொல்லும் துணிவு அது. வண்ணம் கலக்கக் கற்பிப்பதற்கு முன் அதைக் கற்பிக்க வேண்டும்.