ஹெல்மெட் பாஸ், அப்புறம்?

"டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு." மென்பொருள் வேலையில் தினமும் காதில் விழுகிற வாக்கியம். கேட்ட கேள்விக்குச் சரியான விடை வந்தது என்பதுதான் அதன் அர்த்தம். கேட்காத கேள்வியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அமெரிக்கச் சிறுவர்களின் தலைக்கவசத்துக்கு வரும்போது இதுவே அறம் சார்ந்த சிக்கலாகிவிடுகிறது.

நான் சொல்வது நம்மூர் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவரை மோதி வீழ்த்தும் அமெரிக்கன் ஃபுட்பால். 1968-ல் களத்தில் பட்ட அடியால் மட்டும் 36 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நாக்ஸி என்ற அமைப்பு உருவானது. 1973-ல் ஹெல்மெட்டுக்கான தரவிதியை வெளியிட்டது. பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி, உயரத்திலிருந்து கெட்டியான ரப்பர் திண்டின் மேல் விழவைப்பார்கள். உள்ளிருக்கும் கருவி காட்டும் அளவு வரம்பைத் தாண்டாவிட்டால் பாஸ். 1976-ல் தலையால் முட்டி வீழ்த்துவதற்கும் தடை வந்தது. 1990-ல் அந்த வகை மரணம் ஒன்றுகூட இல்லை.

பெரிய சாதனைதான். ஆனால் அந்தச் சோதனை கேட்டது மண்டை உடையுமா, உள்ளே ரத்தம் கசியுமா என்று. ஹெல்மெட் இருப்பது மண்டையோட்டுக்கு வெளியே. மூளை உள்ளே திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று திரும்பினால் ஓடு முந்திக்கொள்ளும், மூளை பின்தங்கும், நரம்பிழைகள் இழுபடும். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் இந்தத் திருகலையும் கணக்கில் எடுத்து, 2019 முதல் சிறுவர் ஹெல்மெட்டுகளுக்கும் நட்சத்திரம் கொடுக்கிறது. நல்ல விஷயம். ஆனால், மயக்கமோ தலைசுற்றலோ தராத சின்னச் சின்ன அடிகள் வருஷக்கணக்கில் சேர்ந்தால்?

2023-ல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 30 வயதுக்குள் இறந்த 152 விளையாட்டுக்காரர்களின் மூளைகளைப் பற்றி எழுதினார்கள். 63 மூளைகளில் சி.டி.இ. என்ற சிதைவு நோய் இருந்தது. அந்த 63 பேரில் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்ல. சந்தேகப்பட்ட குடும்பங்கள் தானம் தந்த மூளைகள் என்பதால் இந்த விகிதத்தை எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் இந்த நோயை உறுதிசெய்ய, ஆள் இறந்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்தால்தான் உண்டு.

"மரம் ஏறினாலும்தான் விழலாம்" என்பார்கள். மரமேறுவதில் விழுவது விபத்து. இங்கே மோதல்தான் ஆட்டமே. வளர்ந்தவர் தெரிந்தே இறங்கலாம். அது அவர் உரிமை. ஒன்பது வயதுப் பையனுக்கு நாற்பது வயதில் தன் ஞாபகம் எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தெரியுமா? அவனுக்காகப் பெற்றோர் முடிவெடுக்கிறார்கள். ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்ததும், முடிவை வேறு யாரோ எடுத்துவிட்டது போல ஒரு நிம்மதி. நட்சத்திரம் சொல்வது இந்த ஹெல்மெட் அந்த ஹெல்மெட்டைவிட மேல் என்பதைத்தான். இந்த வயதுத் தலை இத்தனை அடி வாங்கலாமா என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை ஓரளவு கேட்டது பாப் வார்னர் என்ற சிறுவர் லீக். 2012-ல் பயிற்சியில் மோதல் நேரத்தைக் குறைத்தது. 2016-ல் சிறிய வயதுப் பிரிவுகளில் கிக்காஃபையே நீக்கியது. குறைத்தது அடிகளை; அதற்கு எந்தப் புது ஹெல்மெட்டும் தேவைப்படவில்லை.

ஒரு ஹெல்மெட் கம்பெனியின் எச்சரிக்கை ஸ்டிக்கரில், இந்த ஆபத்துகள் வேண்டாமென்றால் ஃபுட்பால் ஆடாதீர்கள் என்றே எழுதியிருந்தது. வழக்குகளுக்குப் பயந்து எழுதியதாக இருக்கலாம். பரவாயில்லை, உண்மைதானே? பையனுக்கு வார்ப்பட்டையை மாட்டிவிடுகிற பெரியவர் ஒருமுறை அதைப் படித்துவிட்டு மாட்டட்டும்.