குரலும் வாக்கும்

கலையின் தகுதியைப் பெரும்பான்மையோரின் விருப்பம் நிர்ணயிக்க முடியுமா? இவ்வினாவை ஆராய்வோர்க்கு ஜெனிபர் ஹட்சன் என்னும் அமெரிக்கப் பாடகியின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

சிக்காகோ நகரிற் பிறந்து, சிறுவயதிலேயே தேவாலயப் பாடகர் குழுவிற் பாடிப் பழகியவர் அவர். 2004 ஆம் ஆண்டில், தமது 22 ஆவது வயதில், ‘அமெரிக்கன் ஐடல்’ என்னும் தொலைக்காட்சிப் போட்டியிற் பங்குபற்றினார். நேயர்களின் வாக்குகள் குறைந்தமையால் ஏழாமிடத்துடன் வெளியேறினார். மூன்றாண்டுகளுள் நிலைமை மாறியது. ‘டிரீம்கேர்ள்ஸ்’ (2006) திரைப்படத்திற் பாடி நடித்தமைக்காக, சிறந்த துணை நடிகைக்கான ஒஸ்கார் விருதினை 2007 இல் அவர் பெற்றார்.

நேயர் தவறினர், விருது அதனைத் திருத்தியது என்று கூறி அமைவது எளிது. ஆனால், ஒஸ்காரும் ஒரு வாக்கெடுப்பின் முடிவே. வாக்காளர் மட்டுமே வேறு. ஒரு வாக்கைப் பிறிதொரு வாக்கினால் மறுப்பது, தகுதி வாக்கிலேயே தங்கியுள்ளது என மீண்டும் ஒப்புக்கொள்வதாகும். மேலும், 2004 இல் வெற்றிபெற்ற பன்டேஷியா பரினோவும் சிறந்த பாடகியே. ஆதலின், வாக்கு எப்போதும் பிழைக்கும் என்றும் கூறவியலாது.

வாக்கு அறிவிப்பது விருப்பத்தையேயன்றித் தகுதியையன்று. ‘இது எனக்குப் பிடித்தது’ என்பதை ‘இதுவே சிறந்தது’ எனக் கொள்ளும்போதே அநீதி தொடங்குகின்றது. மீண்டெழுந்த ஒருவரை உலகம் அறியும். தம் குரலே தாழ்ந்ததென நம்பி மௌனமாகிவிட்டோரை யார் அறிவார்? அவர்தம் இழப்புக்கு எவ்விருது ஈடாகும்?