தாய்மேல் ஏற்றிய பழி

பேசாத பிள்ளையுடன் மருத்துவரை நாடிய தாய்க்கு, பிள்ளையின் நிலையைக் கூறுமுன் அவள் குற்றத்தைக் கூறிய காலம் ஒன்றுண்டு. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், பதினொரு சிறாரின் இயல்பை ஆராய்ந்து ஆட்டிசத்தை விளக்கினார். அது பிறவியில் அமைந்ததென்றாரேனும், அவர்தம் பெற்றோருள் அன்புள்ளம் உடையார் சிலரே என்றும் எழுதிவிட்டார். அப்பொறி பெருந்தீயாயிற்று. பிள்ளை இல்லாதிருத்தலைப் பெற்றோர் விழைந்ததே காரணமென 1967-இல் புரூனோ பெட்டல்ஹெய்ம் நூல் வெளியிட்டார், கற்றோரும் நம்பினர்!

காரணம் தேடுதல் அறிவின் இயல்பு. காரணம் புலப்படாவிடத்து அருகில் நிற்பாரைப் பற்றிக்கொள்ளுதல் அறிவாமோ? இரவெல்லாம் பிள்ளையருகே விழித்திருப்பவள் தாயாதலின் அவளே அகப்பட்டாள் போலும்.

ஆட்டிசமுடைய மகனைப் பெற்ற உளநூலார் பெர்னார்ட் ரிம்லண்ட், அது நரம்பமைப்பைச் சார்ந்ததென 1964-இலேயே எழுதியிருந்தார். மறுவாண்டு பெற்றோர் சங்கம் தோன்றிற்று. குறைபாடுடைய சிறார்க்கெல்லாம் கல்வி அளிக்கும் சட்டம் 1975-இல் பிறந்தது; 1990-இல் ஆட்டிசம் அதன்கண் தனிவகையாயிற்று.

அப்பெயரை வேண்டி நிற்கும் தாயை, 'தன் பிள்ளைக்குத் தானே வடுச் சூட்டுகின்றாள்' என்பார் இன்றும் உளர். சட்டம் வகுத்த வகையொன்றில் அடங்கினாலன்றிச் சிறப்புக் கல்வி கிட்டாதபோது, அவள் வேறென் செய்வாள்?